அன்றாட வீண்செலவை அடக்க எந்த வழி யாருக்குப் பொருந்தும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒருவர் காலையும் மாலையும் ஒரு டீ, ஒரு வடை என்று ஒவ்வொரு முறையும் 25 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 வேலை நாளுக்கு அது 1,300 ரூபாய் ஆகிறது. வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளுக்காக வாரம் இரண்டு முறை பேக்கரியில் 120 ரூபாய்க்கு வாங்கினால், அது மாதத்துக்கு இன்னும் ஓராயிரத்துச் சொச்சம். இரண்டும் சேர்ந்த 2,300 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதந்தோறும் கட்டினால், இப்போதுள்ள 6.7 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 1,64,000 ரூபாய் கைக்கு வரும். டீயை நிறுத்தச் சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கு அந்த டீ தேவைதான். வேண்டும் என்று தீர்மானித்துச் செலவழித்த பணத்தை வீண்செலவு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தீர்மானிக்காமலேயே கையை விட்டுப் போன பணத்தைத்தான் இக்கட்டுரை வீண்செலவு என்கிறது.

அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்தப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. தினக்கணக்கு எழுதுவது, ரொக்கமாக எடுத்துப் பிரித்து வைப்பது, செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைப்பது, சேமிப்பை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் செலவழிப்பது, மளிகையை மொத்தமாக வாங்குவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எல்லாமே நல்ல வழிகள்தாம் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அது யாருக்கும் உதவாது. வீட்டுக்குப் பணம் எப்படி வருகிறதோ அதைப் பொறுத்தே எந்த வழி நிலைக்கும் என்பது முடிவாகிறது. நம் இரு மாவட்டங்களிலும் பணம் வரும் விதம் வீட்டுக்கு வீடு வெகுவாக வேறுபடுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் அரசுப் பணியிலும் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு முறை வங்கியில் சம்பளம் ஏறுகிறது. பென்னாகரம், அரூர்ப் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி. பாலக்கோடு, இராயக்கோட்டைத் தக்காளி விவசாயிக்கும் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரருக்கும் சில வாரங்களில் மொத்தமாக வந்து, பிறகு பல மாதங்கள் வராமலே இருக்கிறது. இந்த மூவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது தவறு.

முதலில் கணக்கு எழுதுவதை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் பரிந்துரைக்கும் வழி இதுதான். எல்லாரும் விரைவில் கைவிடுவதும் இதைத்தான். நாள்தோறும் இரவில் நோட்டை எடுத்து உட்கார்வது பெரிய உழைப்பு. அதிலும் வீட்டில் ஒருவர் மட்டும் எழுதி மற்றவர் எழுதாவிட்டால் கணக்கு பாதிதான் உண்மை சொல்லும். கைப்பேசியில் பணம் அனுப்பிய பட்டியல் தானாகவே இருக்கிறதே என்று கேட்கலாம். அதைத் திறந்து பார்த்தால் கடைக்காரர்களின் சொந்தப் பெயர்களும் தொகைகளும் மட்டும் இருக்கும். அந்த 80 ரூபாய் எண்ணெய்க்கா, பஜ்ஜிக்கா, ரீசார்ஜுக்கா என்பது ஒரு வாரத்துக்குப் பின் யாருக்கும் நினைவிருக்காது. எனவே கணக்கு எழுதுவதை நோயை அறியும் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஒரு மாதம், ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் ‘முன்பே முடிவு செய்தது’, ‘அப்போது தோன்றியது’ என்று இரண்டில் ஒன்றைக் குறித்து எழுதினால் போதும். இரண்டாம் வகையின் கூட்டுத்தொகை தெரிந்த பிறகு நோட்டை மூடிவிட்டு, கீழே சொல்லப்படும் ஏதாவது ஒரு தடுப்புக்கு மாறிவிடலாம்.

ரொக்கமா, தனிக் கணக்கா என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். 2016-இல் யுபிஐ வந்ததற்குப் பிறகு, பணம் கொடுப்பது என்ற செயலே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. முன்பு ஐந்நூறு ரூபாய்த் தாளை மாற்றும்போது மனத்தில் எழுந்த சிறு தயக்கம், இப்போது கடையில் ஒட்டியிருக்கும் சதுரப் படத்தை ஸ்கேன் செய்யும்போது எழுவதில்லை. இது வெறும் எண்ணம் அல்ல. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி நுழைவுச்சீட்டுகளுக்கு ஏலம் கேட்டவர்களுள் கடன் அட்டையில் செலுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கத்தில் செலுத்த வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். நம் தெருமுனைக் கடையும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் ஒன்றல்ல. கடன் அட்டையும் யுபிஐயும் ஒன்றல்ல. ஆனாலும் பணம் கையை விட்டுப் போவது உறைக்காதபோது கை தாராளமாகிறது என்பதை நம் வீடுகளிலும் பார்க்கவே செய்கிறோம்.

அப்படியானால் ரொக்கத்துக்கே திரும்பிவிடலாமா? வாரத்துக்கு ஒரு தொகையை எடுத்து, காய்கறி, மளிகை, பெட்ரோல், கைச்செலவு என்று தனித்தனி உறைகளிலோ டப்பாக்களிலோ போட்டு வைத்து, உறை காலியானால் அந்தச் செலவு அந்த வாரம் முடிந்தது என்று வைத்துக்கொள்வது மிகப் பழைய, மிக எளிய வழி. நம் பாட்டிமார்கள் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் பணம் வைத்தது இதே ஒழுங்கில்தான். இதன் பெரிய பலம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மிச்சம் எவ்வளவு என்பது கண்ணால் தெரியும் என்பது. பலவீனங்களும் உண்டு. சில்லறை தட்டுப்பாட்டில் கடைக்காரரே ‘ஜிபே பண்ணிடுங்க’ என்று சொல்லும்போது உறை முறை முதல் வாரத்திலேயே உடைகிறது. கணவர் வாரம் முழுவதும் ஓசூரிலோ பெங்களூரிலோ தங்கி வேலை செய்யும் குடும்பத்தில் உறைகளை இரண்டு ஊரில் வைக்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வீட்டில் ரொக்கம் இருப்பது உறவினருக்குத் தெரிந்தால் கைமாற்று கேட்பார்கள், இல்லை என்று சொல்வது கடினம். உறையில் இருந்த மளிகைப் பணம் அப்படிப் போய்த் திரும்பாமல் நின்ற வீடுகள் பல.

தனிக் கணக்கு முறை இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டுகிறது. சம்பளம் ஏறும் கணக்கை யுபிஐ செயலியிலிருந்து நீக்கிவிட வேண்டும். வேறொரு வங்கியில் அல்லது இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கியில் இரண்டாம் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதை மட்டும் கைப்பேசியில் இணைத்து, வாரந்தோறும் திங்கட்கிழமை ஒரு குறிப்பிட்ட தொகையை அதற்கு மாற்ற வேண்டும். கடையில் ஸ்கேன் செய்வதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் போகும். வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால், பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி உறை காலியானதற்குச் சமம். இரண்டாம் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டுமே என்ற கவலை முன்பு நியாயமானது. ஆனால் ஸ்டேட் வங்கி 2020-இலேயே அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. வேறு சில பொதுத்துறை வங்கிகளும் பின்னர் நீக்கின. அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கியில் இருப்பே இல்லாமல் கணக்கு வைக்கலாம். அருகில் வங்கிக் கிளை இல்லாத மலையோர ஊர்களில் தபால்காரரே வீட்டுக்கு வந்து சேவை தருவது அதன் கூடுதல் நன்மை. நாள் முடிவில் இரண்டு லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது என்ற வரம்பு செலவுக் கணக்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதற்கு மாற்றாக, செயலிக்குள்ளேயே சிறு தொகையைப் பிரித்து வைத்துச் செலவழிக்கும் யுபிஐ லைட் வசதி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதில் ஐயாயிரம் ரூபாய் வரைதான் இருப்பு வைக்கலாம். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை இரகசிய எண் போடாமலேயே செலுத்தலாம். உச்சவரம்பு இருப்பது நல்லது. ஆனால் இரகசிய எண்ணைத் தட்டும் அந்தக் கணநேரத் தடையும் போய்விடுவது நமக்கு எதிரானது. அதைப் பயன்படுத்துவதானால், இருப்பு குறையும்போது தானாக நிரப்பிக்கொள்ளும் அமைப்பை அணைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கையால் நிரப்ப வேண்டும். அந்த ஒரு பொத்தானை அணைக்காவிட்டால் உச்சவரம்பு என்பதே பெயரளவில்தான். இதையொட்டி இன்னொரு வேலையும் செய்யத்தக்கது. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பார்த்தால், எப்போதோ இலவசம் என்று ஒப்புக்கொண்ட படச் சந்தாவும் பாட்டுச் சந்தாவும் மாதந்தோறும் பணம் எடுத்துக்கொண்டிருப்பது தெரியவரலாம். அங்கேயே அவற்றை நிறுத்த முடியும்.

ஆகவே, மாதச் சம்பளக்காரருக்குத் தனிக் கணக்கு. சனிக்கிழமைக் கூலிக்காரருக்கு ரொக்க உறை. இதில் எனக்கு ஐயம் இல்லை. கூலி ரொக்கமாகவே வரும்போது அதை வங்கியில் போட்டு மீண்டும் கைப்பேசிக்குக் கொண்டுவருவது தேவையற்ற சுற்று. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் நான்கு உறைகளாகப் பிரித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகும்போது காய்கறி உறையை மட்டும் எடுத்துப் போகலாம்.

இவ்விரண்டு முறையையும் பயனற்றதாக்கும் ஒன்று உண்டு; அது கடன். ரூபே கடன் அட்டையை யுபிஐயில் இணைக்கும் வசதி 2022 முதல் இருக்கிறது. அதை இணைத்துவிட்டால் தனிக் கணக்கு காலியானாலும் ஸ்கேன் வேலை செய்துகொண்டே இருக்கும். கடன் அட்டைப் பாக்கிக்கு மாதம் 3.5 விழுக்காடு என்ற அளவில் வட்டி போடுவது வழக்கம். 10,000 ரூபாய் நிலுவைக்கு அது மாதம் 350 ரூபாய், அந்த வட்டிக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வருபவர், மேலே சொன்ன எந்த வழியில் மிச்சம் பிடித்தாலும் அந்த மிச்சம் வட்டிக்கே போகும். மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்து வாங்குவதும் இதே இனம்தான். அங்கே வட்டி பெயரளவில் இல்லாவிட்டாலும், பாக்கி வைத்திருப்பவர் விலை கேட்பதில்லை, கடை மாறுவதுமில்லை. எந்த முறையைத் தொடங்குவதற்கு முன்னும் இந்தக் கதவுகளை மூட வேண்டும். மூட முடியாத அளவுக்குப் பாக்கி இருந்தால், சேமிப்பைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் அடைப்பதே சரி.

அடுத்தது, சேமிப்பை முதலில் ஒதுக்கும் வழி. செலவை ஒவ்வொன்றாகக் கண்காணிப்பதைவிட, செலவழிக்கப் பணமே கையில் இல்லாமல் செய்துவிடுவது இதன் தத்துவம். இது நன்றாகவே வேலை செய்கிறது. பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் ஒரு கிராம வங்கி, குறித்த நாளுக்கோ குறித்த தொகைக்கோ முன் எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கை வாடிக்கையாளர் சிலருக்கு வழங்கிப் பார்த்தது. 2006-இல் வெளியான ஆய்வின்படி, வாய்ப்பு தரப்பட்டவர்களுள் 28 விழுக்காட்டினரே அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் ஓராண்டுக்குப் பின், வாய்ப்புப் பெற்றோரின் சராசரிச் சேமிப்பு, பெறாதோரை ஒப்பிட 81 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்திருந்தது. பூட்டு இருந்தால் பணம் நிற்கிறது.

நம் ஊரில் அந்தப் பூட்டு நான்கு உருவங்களில் கிடைக்கிறது. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்தாண்டுக் காலம், தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், மூன்றாண்டு முடிந்தால்தான் இடையில் முடிக்க முடியும், அப்படி முடித்தால் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். பன்னிரண்டு தவணை கட்டியபின் இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம் என்பதால் அவசரத்துக்கு வழி முற்றிலும் அடைபடவில்லை. இதன் குறை, கட்டாவிட்டால் கேட்பாரில்லை என்பது. ஏலச்சீட்டில் அந்தக் குறை கிடையாது. மாதம் பிறந்தால் கேட்டுவிடுவார்கள், அந்தக் கூச்சமே பலரைக் கட்ட வைக்கிறது. ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பின் நடத்துபவரின் கமிஷன் 7 விழுக்காடு வரை இருக்கலாம். தொடக்கத்திலேயே ஏலத்தில் தொகையைத் தள்ளிக் கேட்டுச் சீட்டை எடுப்பவர் சேமிக்கவில்லை, கடன் வாங்குகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. பதிவு செய்யப்படாத சீட்டில் நடத்துபவர் ஓடிவிட்டால் பணத்தை மீட்பது மிகக் கடினம். பழகியவர், பக்கத்துத் தெருக்காரர் என்பது பாதுகாப்பாகாது. பதிவு எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும்.

நகைக் கடைகளின் மாதத் தவணைத் திட்டம் மூன்றாவது. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை ஓராண்டுக்குள் பொருள் கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உள்ள சட்ட விதியால்தான் அவை பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிகின்றன. வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது. மகளுக்குக் கம்மல் எடுப்பது என்று முன்பே முடிவு செய்த வீட்டுக்குத் தவிர மற்றவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முடிவில் பணமாகத் திரும்பாமல் கட்டாயம் ஒரு கொள்முதலில் போய் முடியும் சேமிப்பு அது.

நான்காவது மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் முளைத்ததே 1989-இல் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். இன்றைய கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தது. சேமிப்பு, கூச்சம் தரும் ஒழுங்கு, அவசரத்துக்குக் குறைந்த வட்டியில் உள்கடன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இதில் மட்டுமே. நன்றாக நடக்கும் குழு வாய்த்த பெண்ணுக்கு இதைவிடச் சிறந்த வழியில்லை என்றே கருதுகிறேன். எச்சரிக்கை ஒன்று: சுயஉதவிக் குழுவும், வாரத் தவணை வசூலிக்க வரும் நுண்கடன் நிறுவனத்தின் குழுவும் வேறு வேறு. பின்னதில் சேமிப்பு கிடையாது, கடன் மட்டுமே. வீட்டின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்திருக்கிறது. பாதி என்பதே மிக அதிகம். மகளிர் உரிமைத்தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் தம் கணக்கில் பெறும் பெண்கள், அதில் ஐந்நூறையாவது மளிகைக்கு விடாமல் குழுச் சேமிப்புக்கோ தொடர் வைப்புக்கோ திருப்புவது நல்லது. வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் அந்தப் பணம் வந்ததே தெரியாது.

மொத்தமாக வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பருப்பு, புளி, மிளகாய், கேழ்வரகு போன்று அளவாகவே பயன்படும் பொருள்களுக்கு அது இலாபம். எண்ணெய், பிஸ்கட், நொறுக்குத்தீனிக்கு இலாபமில்லை, இருப்பு கூடினால் பயன்பாடும் கூடிவிடும். ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைக்கும்போது, அவற்றை வாங்கிய பிறகே கடைப் பட்டியலை எழுத வேண்டும். இணையத்தில் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள், பொருளைக் கூடையில் போட்டு மூன்று நாள் விட்டுவைப்பது உதவும். ஆனால் அது துணிமணி, கைப்பேசி உறை போன்றவற்றுக்குத்தான்; பஜ்ஜியை மூன்று நாள் தள்ளிப்போட முடியாது.

மிகுந்த சிக்கல் விவசாயக் குடும்பத்துக்குத்தான், அவர்களைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்படுகிறது. மாதத் தவணையில் கட்டும் எந்தச் சேமிப்பும் அவர்களுக்குப் பொருந்தாது. மாங்காய் முடிந்து ஆறு மாதம் ஆனபின் தொடர் வைப்புக்குத் தவணை எங்கிருந்து வரும்? அவர்கள் செய்ய வேண்டியது, வந்த மொத்தத்தை மாதச் சம்பளமாக மாற்றிக்கொள்வது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை முதலில் தவணைக்குள் அடைக்க வேண்டும். உரிய காலத்தில் கட்டினால் அதற்கு வட்டி இல்லை. அடுத்த பருவத்துக்கான உரம், மருந்து, கூலியைத் தனியே ஒதுக்க வேண்டும். எஞ்சியது 96,000 ரூபாய் என்றால், அதை எட்டாயிரம் வீதம் பன்னிரண்டாகப் பிரித்து, முதல் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பதினொரு மாதம் வரை வெவ்வேறு காலத்துக்கு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிடலாம். ஒவ்வொரு மாதமும் ஒன்று முதிர்ந்து சேமிப்புக் கணக்குக்கு வரும். அஞ்சலக வைப்பை ஆறு மாதத்துக்கு முன் எடுக்க முடியாது என்பதால் இதற்கு வங்கியே ஏற்றது. வட்டி சொற்பம்தான், ஆனால் அறுவடை முடிந்த வாரத்தில் புது வண்டிக்கும் பெரிய தொலைக்காட்சிக்கும் முன்பணம் கொடுக்கத் தூண்டும் அந்த மொத்தத் தொகை கண்ணில் படாமல் போகிறது, அதுவே இதன் பயன். மாடு வைத்திருக்கும் வீடாக இருந்தால், பால் பணத்தை அன்றாடச் செலவுக்கும், விளைச்சல் பணத்தை ஆண்டுச் செலவுக்கும் என்று முற்றாகப் பிரித்துவிடுவது இன்னும் எளிது. பட்டுக்கூடு விற்பவர்களுக்கு அடுத்த விற்பனைக்குள்ள இடைவெளி மிகக் குறைவு. அவர்கள் அந்த இடைவெளியை வாரங்களாகப் பிரித்து, சம்பளக்காரரைப் போலத் தனிக் கணக்கு முறையையே பின்பற்றலாம்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதும், ஊர்த் திருவிழாவும், கல்யாண மொய்யும் வாரத் தொகைக்குள் அடங்கா. அடக்க முயன்றால் அந்த வாரமே முறை குலைந்துவிடும். போன ஆண்டு அவற்றுக்கு ஆன செலவை நினைவிலிருந்து கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை வாடகையைப் போல நிலையான செலவாக முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். மொய் என்பது வாங்கியதைத் திருப்பிச் செய்வது. அதைச் சிக்கனத்தின் பெயரால் குறைக்கச் சொல்வதில் நியாயமில்லை.

கடைசியாக, எந்த வழியைத் தேர்ந்தாலும் கணவன், மனைவி இருவருக்கும் வாரத்துக்கு ஒரு சிறு தொகை, முந்நூறோ ஐந்நூறோ, ஒருவரை ஒருவர் கணக்குக் கேட்காத பணமாக இருக்க வேண்டும். முறைகள் கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் தொகை போதாமை அல்ல, ‘எதுக்குச் செலவு பண்ணின?’ என்ற கேள்விதான். வாரத் தொகையை முதலில் கொஞ்சம் தாராளமாகவே வைத்து, எட்டு வாரம் அதற்குள் ஓடியபின் நூறு நூறாகக் குறைத்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து பற்றாக்குறை விழுந்தால் முந்தைய அளவுக்கே திரும்பிவிட்டு, அதையே அந்த வீட்டின் உண்மையான செலவாக ஏற்றுக்கொள்ளலாம்.